திருவிழாத் தண்ணீரின் ருசி

அன்று காலை சோலையப்பன் ஒரு மடக்கு டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலா, இது என்ன டீ?"

"டீதான். குடிங்க."

"தண்ணிய மாத்திட்டியா?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனைவி புடவை மாற்றியதைக்கூடக் கவனிக்காத மனுஷர், தண்ணீர் மாறியதை ஒரே மடக்கில் கண்டுபிடித்துவிட்டார். சந்திரகலாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய நேரம். வரவில்லை.

"நம்ம பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் குழாய்த் தண்ணிதான். இனிமே இதுதான்."

"தோட்டத்துத் தண்ணி தீர்ந்துபோச்சா? அதான் அலமாரிக்கு அடியில நாலு போத்தல் இருக்கே."

"அதைத் தொடாதீங்க. பேசின்லயும் ஊத்தாதீங்க. நான் வந்து பார்த்துக்குறேன்."

சோலையப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு நாளாகவே மனைவி சரியாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். காரணம் மட்டும் தெரியாது.

காரணம் சுபாங் ஜெயாவில் இருந்தது. அங்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் சந்திரகலாவுக்கு வேலை. ஊரார் குடிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. இந்த வாரம் ஏதோ நினைப்பில் தன் வீட்டுச் சமையலறையில் இருந்த போத்தல் தண்ணீரையே ஒரு குப்பியில் எடுத்துப் போய் மற்றவற்றோடு வைத்தாள். மறுநாள் பார்த்தால் மற்றதெல்லாம் தெளிவாக இருக்க, அவளுடைய குப்பி மட்டும் மஞ்சளாகி, புற ஊதா விளக்கடியில் நீலமாக ஒளிவிட்டது. கழிவு கலந்த தண்ணீரில் மட்டுமே இருக்கிற கிருமி அது. திரும்பவும் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் நீலம்.

அது அவள் பிறந்த மண்ணின் தண்ணீர், இந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் போய்ப் பிடித்து வந்தது. டெங்கில் என்கிற ஊரைத் தாண்டி உள்ளே போனால் செம்பாக்கா தோட்டம். எஸ்டேட் முதலாளிகள் அதை விற்று ரொம்ப நாளாயிற்று. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பழைய ஜனங்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அரசாங்கக் குழாய்த் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஒழுங்காக ஏறுவதில்லை. அதனால் இன்றைக்கும் ஆழ்குழாய்க் கிணறுதான். அவள் அப்பா நாகையா காலமெல்லாம் பம்ப்பு ஓட்டிய கிணறு. இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறவர் அவளுடைய அண்ணன் சுகுமாறன்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் பதறவில்லை.

"ஹெல்த் ஆபீஸ்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. வியாழக்கிழமை திரும்ப சாம்பிள் எடுக்க வர்றாங்க. நீ வா கலா. நான் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கேன், ஊர் எல்லை தாண்ட முடியாது."

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

*

புத்ராஜெயாவின் பெரிய பெரிய கட்டடங்கள் முடிந்து செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் சந்திரகலா எப்போதும் கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவாள். இன்றும் இறக்கினாள். ஈர மண் வாசனை உள்ளே வந்ததும் வயது பாதியாகிவிட்டது.

அந்தக் காலத்தில் லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய். விடிவதற்குள் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்காது, வாளி நிற்கும். எந்த வாளி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பம்ப்பு வீட்டில் அப்பா மோட்டாரைத் தட்டிவிட்டால் முதலில் குழாய் இருமும். பிறகு செருமும். அப்புறம் தண்ணீர் கொட்டும். தம்பி குகன் குழாயடியில் போய் நின்று அதே மாதிரி இருமிக் காட்டுவான். வரிசையே சிரிக்கும். அண்ணனுக்கும் அவளுக்கும் பிறகு பிறந்த கடைக்குட்டி அவன். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போதும் அவள் காதில் இருக்கிறது.

மற்ற நாட்களில் அது சாதாரணத் தண்ணீர்தான், லேசாக மருந்து வாடை அடிக்கும். ஆனால் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் போதும். தண்ணீர் அப்படி இனிக்கும்! அம்மன் இறங்கிவிட்டாள் என்று அம்மா சொல்லுவாள். சந்திரகலா இரண்டு கையையும் குவித்து வயிறு முட்டக் குடிப்பாள்.

குகன் அப்படி ஒரு திருவிழாவில்தான் போனான். வாந்தியும் பேதியுமாக, கண் முன்னே வாடிப் போனான். வைத்தியம் பார்க்கும் தோட்டத்து டிரசர் வந்து பார்த்துவிட்டு, லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். லோரி டெங்கிலைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு திருவிழாத் தண்ணீர் இனிக்கவே இல்லை. "அந்த ருசி புள்ளையோட போயிருச்சு" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அம்மாவும் போய், அப்பாவும் போய், அண்ணன் பம்ப்பு வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்ட பிறகு வந்த முதல் திருவிழா சந்திரகலாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். குடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பழைய ருசி! குகன் இருந்த காலத்து ருசி! கூட்டத்தின் நடுவில் வெட்கமில்லாமல் அழுதாள். அன்றிலிருந்துதான் ஒவ்வொரு திருவிழாவுக்கும் போத்தல் போத்தலாகப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். சோலையப்பனின் நாக்கும் அப்படித்தான் கெட்டது.

*

கோயில் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. வேப்பிலைத் தோரணம் காற்றில் ஆடியது. ஞாயிற்றுக்கிழமை பால்குடம். செராஸ், கிள்ளான் என்று போய்விட்ட ஜனமெல்லாம் அன்றைக்கு வந்து இறங்கும்.

அண்ணி தங்கமணி ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றில் ஐஸ் மிதந்தது. ஐஸ் இல்லாதது அண்ணனுக்கு. இந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை, எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் "அண்ணனுக்கு ஐஸ் வேணாம்" என்பது தானாக வரும். குகன் வாந்தி எடுப்பதற்கு முந்தின நாள் அவனுக்குக் கோயில் வாசலில் ஐஸ் கச்சாங், பாகு ஊற்றிய துருவல் ஐஸ், வாங்கிக் கொடுத்தது சுகுமாறன். அதற்கப்புறம் அவர் ஐஸைத் தொட்டதே இல்லை.

சந்திரகலா டம்ளரை வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். குடிக்க முடியவில்லை.

அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"குடி கலா. கொதிக்க வெச்சு ஆத்தின தண்ணிதான். ஐஸ் கடையில வாங்கினது."

"இல்லண்ணி, வர்ற வழியில டீ குடிச்சேன்."

"சரி விடு. ஒங்கண்ணன் பம்ப்பு வீட்டுல இருக்காரு. நீயாச்சும் பேசு. நான் பேசினா ஏறாது."

அண்ணியின் குரலில் என்னவோ இருந்தது. சந்திரகலா அதை யோசிக்கிற நிலையில் இல்லை.

*

பம்ப்பு வீடு அப்படியே இருந்தது. அதே தகரக் கதவு, அதே எண்ணெய் வாடை. உள்ளே சுகுமாறன் ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தாடி இரண்டு வாரம் வளர்ந்திருந்தது. பார்க்க அப்பாவேதான்.

"வந்துட்டியா? நல்லது. ஆபீசர் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க. நீ லேப்ல பார்த்தியே, அதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத."

"அண்ணே, அது கையில என்ன?"

"மருந்துதான். தண்ணி டேங்கியில நான் கையால ஊத்திருவேன். அவங்க சாம்பிள் எடுத்தா பாஸாயிரும். அவங்க போனதும் டேங்கியைத் திறந்து விட்டுட்டுப் புதுத் தண்ணி ஏத்திட்டா, ஞாயித்துக்கிழமை சாமிக்கு நல்ல தண்ணி கிடைச்சிரும். முடிஞ்சுது."

"எதுக்கு கையால ஊத்தணும்? அந்த மெஷின் இருக்கே."

சுவரில் ஒரு சின்ன நீலப் பெட்டி இருந்தது. குளோரின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறக்கும் பெட்டி. சந்திரகலா கிட்டே போய்ப் பார்த்தாள். அதன் சுவிட்ச் அணைந்திருந்தது. சுவிட்சைச் சுற்றி, மஞ்சள் துண்டு வைத்து முடிந்த மஞ்சள் நூல். பக்கத்தில் குங்குமப் பொட்டு.

"இது என்னண்ணே?"

"காப்பு."

"மெஷினுக்கா?"

"என்ன கலா, தெரியாத மாதிரி கேக்குற? காப்புக் கட்டியாச்சுன்னா வீட்டுல கவுச்சி கிடையாது, தண்ணியில மருந்து கிடையாது. பிளீச்சிங் நாத்தம் அடிக்கிற தண்ணிய ஆத்தா தலையில ஊத்துவாங்களா? தீர்த்தம்னு வாயில குடுத்தா ஜனங்க துப்பிருவாங்க லா. அப்பா கட்டினாரு, நான் கட்டுறேன். திருவிழா முடிஞ்சு மஞ்சத்தண்ணி விளையாடினதும் அவுத்துட்டு ஆன் பண்ணிருவேன். நடுவுல யாரும் தெரியாம தட்டிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் நூலு."

அவர் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சந்திரகலா குனிந்து அந்த முடிச்சைத் தொட்டாள். இந்த நூலை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் காலத்தில் இந்த மெஷின் ஏது? ஒரு பெரிய தகர டின்னில் குளோரின் மாவு. அப்பா தினமும் அளந்து போட்டுக் கரைப்பார். திருவிழா சமயத்தில் மட்டும் அந்த டின்னுக்கு மஞ்சள் நூல் சுற்றி, பொட்டு வைத்து, மூலையில் தள்ளி வைத்திருப்பார். அப்பா டின்னுக்குப் பூஜை செய்கிறார் என்றுதான் சின்ன வயதில் அவள் நினைத்தாள். அவளும் குகனும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

தண்ணீர் ஏன் இனித்தது என்று இப்போது புரிந்தது. அம்மனும் இறங்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. மருந்து நின்றது, அவ்வளவுதான்.

"பேசாம இருக்கியே?" என்றார் சுகுமாறன். "இது அப்பாவோட கிணறு கலா. இந்தத் தடவையும் தவறினா பூட்டுப் போட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை ஜனம் வந்து நிக்கிறப்ப, சுகுமாறன் காலத்துல கிணறு மூடிப்போச்சுன்னு பேர் வரணுமா? ஒரே ஒரு நாள். நீ வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்."

உண்மையைச் சொன்னால், சந்திரகலாவுக்கும் அந்த ஆசை இருந்தது. வாயை மூடிக்கொண்டு, அண்ணன் கௌரவத்தைக் காப்பாற்றி, அப்பா பேரையும் காப்பாற்றி, வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பந்தலில் வந்து நிற்கப்போகும் பிள்ளைகள் கண்ணில் வந்தார்கள். கையைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணே, குகன்..."

சுகுமாறனின் முகம் இறுகியது. அவர் எதிரில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை.

"அவன் பேச்சு இப்ப எதுக்கு?"

"அவனுக்கு முடியாமப் போனது எப்ப? காப்புக் கட்டி எத்தனையோ நாள் கழிச்சு. டின்னுல நூல் இருந்தப்ப."

"அது ஐஸ் கச்சாங். நான் வாங்கிக் குடுத்தது. அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"அந்த ஐஸ் கச்சாங்கை நானும் தின்னேன்ண்ணே. அதே கிண்ணத்துல, அதே கரண்டியில. பாதிக்கு மேல நான்தான் தின்னேன், அவன் அழுதான். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

சுகுமாறன் குடுவையின் மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"அந்த வாரம் லயத்துல எத்தனை பிள்ளைங்க வாந்தி எடுத்துச்சுங்க, யோசிச்சுப் பாருங்க. வெயில்னு சொன்னாங்க, பானகம் சேரலன்னு சொன்னாங்க. ஆனா அப்ப மழைக்காலம். கக்கூஸ் எல்லாம் கிணத்துக்கு மேல் பக்கம். மழைத் தண்ணி எங்க இறங்கும்? மருந்து போட்டிருந்தாக் கிருமி செத்திருக்கும். மருந்துதான் இல்லையே."

"நீ நிச்சயமாச் சொல்றியா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுண்ணே. அந்தத் தண்ணிய இனிமே எந்த லேப்லயும் வெச்சுப் பார்க்க முடியாது. ஆனா தினம் இதையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன். அது ஐஸ் கச்சாங் இல்ல. நீங்க இல்ல."

சுகுமாறன் மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார். குடுவை இன்னும் கையிலேயே இருந்தது. அறுபது வயது ஆள், பன்னிரண்டு வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"டிரசர் உப்பும் சீனியும் கலந்து குடுக்கச் சொன்னாரு," என்றார் மெதுவாக. "நான்தான் குழாயில பிடிச்சுக் கலந்து ஊட்டினேன். குடிக்கக் குடிக்க வாந்தி எடுத்தான்."

சந்திரகலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். இத்தனை வருஷத்தில் குகனுக்காக அவர்கள் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுகுமாறன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா அப்பா அதுக்கப்புறமும் வருஷா வருஷம் நூல் கட்டினாரே? மத்த வருஷம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

அந்தக் கேள்விதான் சந்திரகலாவை உலுக்கியது. அம்மாவின் குரல் காதில் கேட்டது. அந்த ருசி புள்ளையோட போயிருச்சு.

"அண்ணே... குகன் போனதுக்கப்புறம் திருவிழாத் தண்ணி இனிக்கவே இல்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்களே. நாம அது துக்கம்னு நினைச்சோம்."

"ஆமா."

"துக்கம் இல்லண்ணே. அப்பா ஊருக்காக நூலைக் கட்டிட்டு, யாருக்கும் தெரியாம மருந்தைப் போட்டுட்டாரு. வாடை தெரியாத அளவுக்கு, ஆனா போட்டுட்டாரு. நீங்க சாவியை வாங்கின வருஷம்தான் பழைய ருசி திரும்பி வந்துச்சு. அதைக் குடிச்சிட்டு நான் அழுதேன்."

நூல் கட்டியதைத்தான் மகன் பார்த்திருந்தான். பின்னால் அப்பாவின் கை செய்ததை யாருமே பார்க்கவில்லை.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

சுகாதார அதிகாரி விஷ்ணுப்ரியா சின்ன வயதுப் பெண். தோளில் ஐஸ் பெட்டி, கையில் சாம்பிள் குப்பிகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"வணக்கம் அங்கிள். சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுறேன், திருவிழா வேலை இருக்கும்ல? இந்தத் தடவை ஓகே ஆயிரும். கவலைப்படாதீங்க."

அவள் குனிந்து குழாயைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு நீலப் பெட்டியைப் பார்த்தாள்.

"அங்கிள், இது என்ன நூல்?"

சந்திரகலா அண்ணனைப் பார்த்தாள். அவளே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் சுகுமாறன் எழுந்து குடுவையைத் தரையில் வைத்தார்.

"காப்பும்மா. நான் கட்டினது. திருவிழா முடியிற வரைக்கும் தண்ணியில மருந்து போகக் கூடாதுன்னு கட்டினது. போன தடவை நீங்க எடுத்ததும் மருந்து இல்லாத தண்ணிதான். இப்ப இருக்கிறதும் அதான்."

விஷ்ணுப்ரியா குப்பியை மூடினாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அங்கிள், இதை நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும்."

"பண்ணும்மா."

"ரெண்டு தடவை சுத்தமான ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் இந்தத் தண்ணிய குடிக்கக் கூடாது. கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். கோயில் தீர்த்தம், பந்தல் எல்லாமே வெளித் தண்ணிதான். தண்ணி லோரிக்கு நான் கேட்டுப் பார்க்குறேன். ஆனா சண்டேக்குள்ள வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

"வரலைன்னாலும் பரவாயில்ல," என்றார் சுகுமாறன். "கோயில்ல நானே மைக்குல சொல்றேன்."

காப்பை நடுவில் அவிழ்ப்பது பெரிய குற்றம். அது அவருக்குத் தெரியாததல்ல. நூலில் கை வைத்துக் கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒரே இழுப்பு. மஞ்சள் துண்டு தரையில் விழுந்து உருண்டது. சுவிட்சைத் தட்டினார். பெட்டி டிக், டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

விஷ்ணுப்ரியா போன் பேச வெளியே போனாள். சுகுமாறன் அறுந்த நூலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா கலா? அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஐஸ் கச்சாங் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சாகுற வரைக்கும் என் பக்கத்துலதானே உட்கார்ந்து சாப்பிட்டாரு? நான் ஐஸ் வேணாம், ஐஸ் வேணாம்னு சொல்றதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாரு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தரையில் கிடந்த மஞ்சள் துண்டைச் சந்திரகலா குனிந்து எடுத்தாள்.

தகரக் கதவு லேசாக முனகியது. தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஐஸ் இல்லாத ரோஸ் தண்ணீர். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கண் சிவந்திருந்தது.

"மாமா சொன்னாரு," என்றாள் அவள். "உங்ககிட்ட இல்ல. என்கிட்ட."

சுகுமாறன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி டிக், டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

கொதிக்க வெச்சு ஆத்தின தண்ணிதான். அண்ணி சற்று முன் சொன்னது சந்திரகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் திருவிழாத் தண்ணீரைக் கை குவித்துக் குடித்த இத்தனை வருஷமும், அண்ணியின் அடுப்பில் மட்டும் அது கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.